ஜில்லா போர்டுத் தலைவர் பன்னீர்செல்வம்: கட்சிக்காரர் நிர்வாகத்தில் உட்கார்ந்தபோது

"சர் ஏ.டி. பன்னீர்செல்வம் நீதிக்கட்சித் தலைவர், விமானத்தில் போகும்போது இறந்தார் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. நிர்வாகியாக என்னதான் செய்தார்? கட்சிக்காரர் ஒருவர் அரசாங்கப் பொறுப்பில் உட்கார்ந்தால் பலன் கட்சிக்குத்தானே போகும்?" என்பது உங்கள் கேள்வி. தஞ்சாவூர்க்காரர்களே இப்படிக் கேட்கும் நிலை வந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. உள்ளாட்சிக் கோப்புகளோடு பல வருஷம் புழங்கியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெரிய பதவிகளைத்தான் வரிசையாகச் சொல்வார்கள்: வட்டமேசை மாநாட்டு உறுப்பினர், சென்னை மாகாண உள்துறைப் பொறுப்பாளர், இடைக்கால அமைச்சரவையில் அமைச்சர், இந்தியா மந்திரியின் (லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர்) ஆலோசகராக நியமனம். எல்லாம் சரிதான். ஆனால் நிர்வாகி பன்னீர்செல்வத்தைப் பார்க்க வேண்டுமானால் 1924 முதல் 1930 வரை அவர் தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஆறு வருஷத்தைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் வந்த பதவிகளில் அவருக்கு அந்தஸ்து அதிகம். ஆனால் தன் கட்சி மேடையில் பேசிய ஒன்றை, ஒரு கையெழுத்தில், ஒரு ஊரில், ஒரு கட்டடத்துக்குள் நடைமுறையாக்கும் அதிகாரம் இந்தப் பதவியில்தான் இருந்தது.

பிறந்தது 1888 ஜூன் 1. ஊர் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் பெரும்பண்ணையூர்ப் பக்கத்துச் செல்வபுரம். நிலபுலன் உள்ள ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆகித் திரும்பி வந்து தஞ்சாவூரில் தொழில் பார்த்தார். 1918 முதல் 1920 வரை தஞ்சாவூர் நகராட்சித் தலைவர். அப்போதெல்லாம் நகராட்சிக்குக் கமிஷனர் என்று தனி அதிகாரி கிடையாது. சேர்மன்தான் சபையையும் நடத்த வேண்டும், ஆபீஸையும் நடத்த வேண்டும். வரி பாக்கி, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அவர் தலையில்தான். கோப்பு பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். நீதிக்கட்சித் தலைவர்களில் பலர் ஜமீன்தார்களும் ராஜாக்களும். அவர்களுக்கு இந்த அனுபவம் வாய்க்கவில்லை.

ஜில்லா போர்டு என்றால் என்ன என்பதை இன்று விளக்க வேண்டியிருக்கிறது. டெல்டா கிராமங்களில் பெரியவர்கள் இன்னமும் ‘போர்டு ஸ்கூல்’, ‘போர்டு ஆஸ்பத்திரி’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த போர்டுதான் இது. ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1884 சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, யூனியன் போர்டு என்று மூன்று படிகள். ஆரம்பத்தில் கலெக்டரே தலைவர். 1920 சட்டத்துக்குப் பிறகுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்பது வழக்கமானது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, ஓடத்துறை, சத்திரம் எல்லாம் அதன் பொறுப்பு. நிலவரியோடு சேர்த்து வசூலாகும் செஸ்தான் முக்கிய வருமானம். நன்செய் கொழித்த ஜில்லா என்பதால் தஞ்சாவூர் போர்டு கையில் காசு இருந்தது. எவ்வளவு என்றால், ஒரு ரயில் பாதையையே போட்டு வைத்திருந்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894இல் ஓடத் தொடங்கி, பிறகு பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீண்ட பாதை ஜில்லா போர்டு செஸ் பணத்தில் போட்டதுதான். ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, சொத்து போர்டினுடையது. ஒரு உள்ளாட்சி அமைப்பு இப்படி ஒரு சொத்து வைத்திருந்தது என்று இன்றைய ஊராட்சித் தலைவர் யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்.

அன்றைய தஞ்சாவூர் ஜில்லா என்பது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கும் சேர்ந்தது, அதற்கு மேல் அறந்தாங்கிப் பக்கமும். அவர் தலைவரான 1924ஆம் வருஷம் ஜூலையில்தான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அந்தப் பெருவெள்ளம் வந்தது. கரைகள் உடைந்து, சாலையும் பாலமும் போய், வயல் முழுக்க மணல் மூடிய வருஷம். பிறகு மேட்டூர் அணையைக் கட்டும்போது எவ்வளவு வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அந்த வெள்ளம்தான் அளவுகோல். அந்தச் சூழ்நிலையில் இந்த ஜில்லாவின் சாலைகளுக்குப் பொறுப்பு ஏற்பது லேசான காரியம் இல்லை.

அவர் தொட்ட விஷயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது சத்திரங்கள். மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகிற பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், ராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம் என்று அரச குடும்பத்துப் பெண்கள் பெயரில் நின்ற கட்டடங்கள். வெறும் தங்குமிடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கிராமங்களும் நிலங்களும் எழுதி வைத்திருந்தார்கள். நெல் வரும், சமையல் நடக்கும், வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியர், சில இடங்களில் பிள்ளைகளுக்குப் பாடசாலை. ஒரத்தநாட்டுச் சத்திரத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு அரண்மனைபோலவே இருக்கும். இரண்டாம் சரபோஜி கட்டியது. பெரிய முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், நுணுக்கமான வேலைப்பாடுள்ள மரத்தூண்கள்.

இந்தச் சத்திரங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லா போர்டு நிர்வாகத்துக்கு வந்தன. நிலமும் வந்தது, வருமானமும் வந்தது, கூடவே பழைய வழக்கமும் வந்தது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் பள்ளியோடு சேர்ந்த இலவச மாணவர் விடுதிகள் இருந்தன. உள்ளே இடம் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன் பிறந்த அதே ராஜாமடம்தான். சத்திரத்து நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அந்த விடுதிக்குள் சாப்பிட உட்கார முடியாது. நிலமும் பொதுச் சொத்து, நிர்வாகமும் பொது அமைப்பு. பந்தி மட்டும் ஒரு சாதிக்கு. பன்னீர்செல்வம் தலைவராக இருந்தபோது அந்த விடுதிகள் மற்ற சாதி மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்டன.

இதன் கனம் இன்றைக்குப் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஐந்தாவது வரை உள்ளூரில் படிப்பான். அதற்கு மேல் படிக்க ஒரத்தநாடோ ராஜாமடமோ போக வேண்டும். தினமும் நடந்துபோக முடியாத தூரம். பள்ளிக்கூடச் சம்பளத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். தங்குவதும் சாப்பிடுவதும்தான் முடியாத காரியம். ஆகவே பள்ளிக்கூடம் எல்லாருக்கும் என்று சட்டம் சொன்னாலும், விடுதி யாருக்கு என்பதுதான் யார் படிப்பார்கள் என்பதை முடிவு செய்தது. நீதிக்கட்சி 1916இல் தொடங்கியதிலிருந்து பிராமணரல்லாதார் கல்வி என்று பேசிக்கொண்டே இருந்தது. அதை ஒரு சோற்றுப் பந்தியில் கொண்டுவந்து நிறுத்தியது ஜில்லா போர்டு.

அடுத்தது திருவையாறு. அங்கே 1881 முதல் ஒரு வடமொழிக் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. செலவுக்குச் சத்திர அறக்கட்டளைப் பணம். தமிழ் சொல்லித்தர அதில் இடம் இல்லை. காவிரிக் கரையில், அப்பரும் சம்பந்தரும் பாடிய ஐயாற்றில், தமிழ்நாட்டு நிலத்தின் வருமானத்தில் நடக்கும் கல்லூரியில் தமிழ் கிடையாது! "மன்னர் வடமொழிக்கென்றுதான் எழுதி வைத்தார்" என்பது அதுவரை சொல்லப்பட்ட காரணம். அந்த மூல ஆவணத்தைத் தேடி எடுத்து, படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் படித்துப் பார்த்தபோது, கல்விக்கு என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தது என்று தஞ்சைத் தமிழன்பர்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எப்படியானாலும், பன்னீர்செல்வத்தின் காலத்தில் அங்கே தமிழ் வித்துவான் வகுப்பு வந்தது. அந்தக் கல்லூரிதான் பிறகு அரசர் கல்லூரி என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழாசிரியர்களை உண்டாக்கியது. டெல்டாவில் உங்கள் தாத்தாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ‘தமிழய்யா’ எங்கே படித்தார் என்று விசாரித்தால், பெரும்பாலும் திருவையாறு என்பார்கள், இல்லாவிட்டால் கரந்தை என்பார்கள்.

கரந்தை என்றதும் உமாமகேசுவரனாரைச் சொல்லாமல் போக முடியாது. தஞ்சாவூர் வக்கீல், 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், தஞ்சாவூர் தாலுக்கா போர்டின் தலைவராகவும் இருந்தவர். நீதிக்கட்சிக்காரர்தான். ஆனால் அவருக்குக் கட்சியைவிடத் தமிழ் பெரிது. மேலே சொன்ன காரியங்களில் பன்னீர்செல்வத்துக்கு யோசனையும் உழைப்பும் தந்தவர் அவர். ஜில்லா போர்டில் ஒருவர், தாலுக்கா போர்டில் ஒருவர், வெளியே ஒரு தமிழ்ச் சங்கம். இந்த மூன்றும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் அமைந்தது தஞ்சாவூரின் அதிர்ஷ்டம். பன்னீர்செல்வத்தைத் தனி மனிதச் சாதனையாளராக மட்டும் எழுதுவது உமாமகேசுவரனாருக்குச் செய்கிற அநியாயம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கட்சிக்காரர் போர்டில் உட்கார்ந்தால் கட்சிக்கு லாபம் இல்லையா? இருந்தது. மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. நீதிக்கட்சிக்கு இன்று நாம் பார்க்கிற மாதிரி கிளை, வட்டம், ஒன்றியம் என்ற கட்டுமானம் கிடையாது. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டுத் தலைவர்கள்தான் அதன் கட்டுமானம். போர்டுகளில் ஒரு பகுதி உறுப்பினர்களை அரசாங்கம் நியமிக்கலாம் என்று இருந்தது. மந்திரிசபை யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அது பெரிய கருவி. ஆசிரியர் நியமனம், மாறுதல், சாலைக் காண்டிராக்ட் எல்லாம் போர்டுத் தலைவரைச் சுற்றித்தான். மாகாணம் முழுக்க இதைப் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்து, 1930 சட்டத் திருத்தத்தில் நியமன முறையை எடுத்தார்கள். தாலுக்கா போர்டுகளையே 1934இல் கலைத்தார்கள். ஆகவே நீதிக்கட்சி போர்டுகளைக் கட்சிக்குப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

ஆனால் கட்சிக்கு லாபமா என்று கேட்பதோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். அந்த மனிதர் பதவியை விட்டுப் போன பிறகு என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். காண்டிராக்ட் கொடுத்த ஆளும் போய்விடுவார், வாங்கிய ஆளும் போய்விடுவார். திறந்துவிட்ட விடுதியை மறுபடி மூட யாருக்கும் துணிவு வரவில்லை. தமிழ் வகுப்பை எடுத்துவிட அடுத்து வந்த எந்த ஆட்சியும் நினைக்கவில்லை. நீதிக்கட்சியே தோற்றுக் கலைந்து, காங்கிரஸ் வந்து, அதுவும் போய்த் திராவிட முன்னேற்றக் கழகம் வந்த பிறகும் அவை நின்றன. அவர் செய்தது எதிலும் புதிய சட்டம் இல்லை, புதிய வரியும் இல்லை. ஏற்கனவே போர்டின் கையில் இருந்த சொத்து யாருக்குப் போகிறது என்று கேட்டார், அதை மாற்றினார். நிர்வாகத் திறமை என்று நான் சொல்வது இதைத்தான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். போர்டுக்கு ஓட்டுப் போட்டது வரி கட்டுகிறவர்கள். நீதிக்கட்சியின் பலம் மிராசுதார்கள். அவரும் அந்த வர்க்கம்தான். பண்ணையாள் வாழ்க்கையை இந்த ஆறு வருஷ நிர்வாகம் தொடவில்லை. பண்ணையாளுக்குத் தண்டனை சாணிப்பால், சவுக்கடி என்று இருந்த கீழத்தஞ்சை அப்படியே இருந்தது. அதைத் தொட 1940களில் பி. சீனிவாசராவும் கம்யூனிஸ்டுகளும் வர வேண்டியிருந்தது, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. விடுதியில் இடம் கிடைத்த பையன் பெரும்பாலும் கொஞ்சமாவது நிலம் இருந்த வீட்டுப் பையன். பன்னீர்செல்வத்தை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் மதிக்க வேண்டும்.

1930க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவை உங்களுக்குப் புத்தகங்களிலேயே கிடைக்கும். லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் பிரதிநிதி. 1931 நவம்பரில் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் ஆகாகான், அம்பேத்கர், ஆங்கிலோ-இந்தியர் சார்பில் வந்த கிட்னி, ஐரோப்பியர் சார்பில் வந்த ஹியூபர்ட் கார் ஆகியோரோடு கையெழுத்திட்டவர். 1934 முதல் 1937 வரை கவர்னரின் நிர்வாகக் குழுவில் உள்துறைப் பொறுப்பு. இரட்டை ஆட்சி முறையில் போலீஸ், சிறை போன்றவை மந்திரிகளிடம் கிடையாது, கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினரிடம்தான் இருக்கும். அந்த இடம் பெரிய கௌரவம்தான், ஆனால் சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் இல்லை. 1937 தேர்தலில் நீதிக்கட்சி படுதோல்வி அடைந்தது. காங்கிரஸ் பதவி ஏற்கத் தயங்கிய ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஒரு இடைக்கால அமைச்சரவை அமைந்தது. அதில் உள்துறையும் நிதியும் இவரிடம். மூன்றரை மாதம்.

அரசியல் வாழ்க்கையில் அவர் நிமிர்ந்து நின்ற இடம் அதற்குப் பிறகுதான். கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவே தோற்றுப்போயிருந்தார். சட்டசபையில் எஞ்சிய சிலரில் பன்னீர்செல்வம் முக்கியமானவர். 1938 ஏப்ரலில் ராஜாஜி அரசாங்கம் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பில் டெல்டாவின் பங்கு பெரிது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1937 ஆகஸ்டிலேயே எதிர்ப்புத் தீர்மானம் போட்டுவிட்டது. திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போனார். சிறைவாசத்தில் உயிர்விட்ட தாளமுத்து கும்பகோணத்துக்காரர். சட்டசபைக்குள் பேச ஆள் வேண்டுமே, அந்த வேலையைப் பன்னீர்செல்வம் செய்தார். உள்துறையை நடத்திப் பழகியவர், அரசாங்கம் கைதுகளுக்குச் சொல்லும் காரணங்களை உள்ளிருந்து அறிந்தவர். 1938 டிசம்பரில் பெரியார் சிறையில் இருக்கும்போதே நீதிக்கட்சி மாநாடு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சிறையில் இருந்த தலைவரின் உரையை மாநாட்டில் படித்தவர் பன்னீர்செல்வம்தான். ஜமீன்தார்களின் கட்சி பெரியார் கைக்கு மாறிய அந்த நேரத்தில், ‘சர்’ பட்டம் வாங்கிய ஒருவர் முன்னால் நின்று அதை ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை. அவர் நினைத்திருந்தால் தலைமையைத் தானே கேட்டிருக்கலாம்.

1940 பிப்ரவரி 21 அன்று கட்டாய இந்தி உத்தரவு ரத்தானது. ஒன்பது நாள் கழித்து, மார்ச் 1 அன்று, இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்க அவர் லண்டன் போய்க்கொண்டிருந்த ‘ஹானிபால்’ என்ற இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் ஓமான் வளைகுடாவுக்கு மேலே காணாமல் போனது. விமானத்தில் எட்டுப் பேர். யாரும் பிழைக்கவில்லை. அவருக்கு 51 வயது. உமாமகேசுவரனாரும் அடுத்த வருஷம் மே மாதம் காலமானார். கட்சி திராவிடர் கழகமாக மாறிய 1944இல் இருவருமே இல்லை. ஈரோட்டுக்காரர்கள் பன்னீர்செல்வம் பூங்கா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறார்கள், பெயர் இவருடையதுதான்.

‘இன்று அப்படி ஒருவர் வர முடியுமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். மனிதர் வரலாம், அந்த நாற்காலி இல்லை. 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், பள்ளி கல்வித் துறைக்கும், ஆஸ்பத்திரி சுகாதாரத் துறைக்கும் போயின. சத்திர நிர்வாகம் வருவாய்த் துறையிடம் போய்விட்டது. 1994 சட்டத்தில் மாவட்ட ஊராட்சி என்ற பெயரில் ஒரு அமைப்பு திரும்ப வந்தது. அதற்குத் தலைவர் உண்டு, கூட்டம் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. சொந்த வரி கிடையாது, ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை மாற்றும் அதிகாரமும் கிடையாது. 2016 இறுதியிலிருந்து 2019 இறுதிவரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள்தான் ஊரக உள்ளாட்சிகளை நடத்தினார்கள். டெல்டாவில் ஒரு கட்சிக்காரர் இன்று ஒரு விடுதியையோ ஒரு கல்லூரியையோ மாற்ற நினைத்தால் சென்னைக்குப் போய் அமைச்சரைப் பார்க்க வேண்டும். ஒன்றியச் செயலாளரும் மாவட்டச் செயலாளரும் வாழ்நாளெல்லாம் சிபாரிசுக் கடிதத்தோடு அலைவதற்குக் காரணம் அவர்களுடைய குணம் மட்டும் இல்லை. கையெழுத்துப் போடும் இடம் ஊரை விட்டுப் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.